சுவரில் எழுதிய கணக்கு

வியன்னாவின் ஐந்தாவது வட்டாரத்தில் மார்கரெட்டன்கியூர்ட்டல் என்று ஓர் அகலமான சாலை. வண்டிகள் ஓயாமல் ஓடுகின்றன. சாலையோரமாக மாநகராட்சி 1920-களில் கட்டிய தொழிலாளர் குடியிருப்புகள் வரிசையாக நிற்கின்றன. ரொய்மன் ஹோஃப், மெட்ஸ்லைன்ஸ்டாலர் ஹோஃப் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். அவற்றின் நெற்றியில், எதிர்ப்பக்கத்து நடைபாதையிலிருந்தே படிக்கும்படி பெரிய எழுத்துகள், பெரும்பாலும் சிவப்பில். வீடு கட்டுவதற்கென்று வசூலித்த வரிப்பணத்தைக் கொண்டு இன்ன ஆண்டில் வியன்னா மாநகராட்சி கட்டியது என்பதுதான் வாசகம். வரைந்த கட்டடக் கலைஞர் யார் என்பதை நான் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பணம் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் வழிப்போக்கர் எவரும் தலையை நிமிர்த்தினால் தெரிந்துகொள்ளலாம்.

கட்டடக்கலை கற்பிப்பது என் வேலை. வீட்டுரிமை பற்றிப் பொதுமக்களோடு பேச இளம் ஆசிரியர்களைப் பழக்க வேண்டும், அதற்கு ஒரு பாடத்திட்டம் எழுதித் தா என்று கேட்டிருந்தார்கள். எங்கள் துறையில் விஷயம் தெரிந்தவர்களுக்குப் பஞ்சம் கிடையாது. ஒரு குடும்பத்துக்கு எத்தனை சதுர அடி வேண்டும், ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் குடிவைத்தால் பிழைப்பு என்ன ஆகும், வாடகை எதனால் ஏறுகிறது என்றெல்லாம் ஆய்வு செய்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுதுவதை அவர்களைப் போன்றவர்களே படிக்கிறார்கள். வாடகை கொடுப்பவரும், ஒதுக்கீட்டுக்குக் காத்திருப்பவரும், வரி கட்டுபவரும் அந்தப் பேச்சுக்கு வெளியே நிற்கிறார்கள். மேடைப் பேச்சுப் பயிற்சியோ நாளிதழுக்குக் கட்டுரை எழுதும் பயிற்சியோ கொடுத்தால் இந்தக் குறை தீரும் என்ற நம்பிக்கை எனக்கு இல்லை. நூறு ஆண்டுக்கு முன் ஒரு நகரமே இதைச் செய்து பார்த்திருக்கிறது, கட்டடக்கலை ஆசிரியர்களும் பொருளியல் அறிஞர்களும் தெருவில் இறங்கி வேலை செய்திருக்கிறார்கள் என்று படித்திருந்தேன். அதனால்தான் வியன்னா.

முதல் உலகப்போருக்கு முந்தைய வியன்னாவை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது சுலபம். ஒண்டுக்குடித்தனம் என்றால் போதும். நாலைந்து மாடிக் கட்டடம், நீண்ட நடைவழி, அதில் வரிசையாக ஓர் அறையும் ஒரு சமையலறையும் கொண்ட வீடுகள். தண்ணீருக்கு நடைவழியில் ஒரு பொதுக்குழாய். அதைச் சுற்றி நடக்கும் குழாயடிப் பேச்சுக்கு அந்த ஊர் மொழியில் தனிப் பெயரே உண்டு. கழிப்பறையும் பொதுதான். வாடகை கட்டுப்படியாகாத குடும்பங்கள் தங்கள் வீட்டுக் கட்டில்களையும் வாடகைக்கு விட்டன. இரவு வேலைக்காரர் பகலில் படுப்பார், பகல் வேலைக்காரர் இரவில். காசநோய் அந்த நகரத்தின் பெயராலேயே அழைக்கப்பட்டது. 1918-இல் ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசு உடைந்தபோது, பசியும் குளிரும் வீடில்லாக் கூட்டமுமாக ஒரு தலைநகரம் மிஞ்சியது.

போர் முடியும் முன்பே, 1917-இல், கலைத்தொழில் கல்லூரியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சியை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தொழிலாளர் வீட்டுக்கான வடிவமைப்புப் போட்டி ஒன்றில் கலந்துகொள்ள மார்கரெட்டே லிஹோட்ஸ்கி என்ற மாணவி விரும்பினார். அவருடைய ஆசிரியர் ஒஸ்கார் ஸ்ட்ர்னாட். ஒரு கோடு வரைவதற்கு முன், தொழிலாளர் வசிக்கும் பகுதிகளுக்குப் போய் அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வரச் சொன்னார் அவர். மாணவி போனார். ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்று கண்ணால் பார்த்தார். போட்டியில் பரிசும் பெற்றார். பின்னாளில் ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்று உலகம் அறிந்த அவர், 1926-இல் பிராங்பர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக வடிவமைத்த சிக்கனமான சமையலறை இன்றும் பாடநூல்களில் இருக்கிறது. 1897-இல் பிறந்து 2000 வரை வாழ்ந்தவர். நடுவில் நாஜிகளை எதிர்த்ததற்காகச் சிறையில் ஆண்டுகள் கழிந்தன. அந்த நீண்ட வாழ்க்கையின் தொடக்கத்தில், போய்ப் பார்த்துவிட்டு வா என்று ஓர் ஆசிரியர் சொன்ன சொல் இருக்கிறது. என் பாடத்திட்டத்தின் முதல் பக்கம் அங்கேயே முடிவாகிவிட்டது.

ஹெர்னால்ஸ் வட்டாரத்தில் டிராமை விட்டு இறங்கி மேட்டுத் தெருவில் ஏறினால் ஹொய்பெர்க் குடியிருப்பு வருகிறது. போருக்குப் பிறகு பசித்த குடும்பங்கள் நகர விளிம்பிலும் காட்டோரத்திலும் நிலத்தைப் பிடித்து, மரத்தை வெட்டி, உருளைக்கிழங்கு பயிரிட்டு, குடிசை போட்டன. அதிலிருந்து ஓர் இயக்கம் பிறந்தது. 1921-இல் அவர்கள் மாநகராட்சி மாளிகை நோக்கி ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி அவர்களை விரட்டாமல், குடியேற்ற அலுவலகம் ஒன்றைத் திறந்து, ஐரோப்பா முழுதும் பெயர் பெற்றிருந்த அடோல்ஃப் லோஸை அதன் தலைமைக் கட்டடக் கலைஞராக அமர்த்தியது. லிஹோட்ஸ்கியும் அங்கே சேர்ந்தார்.

ஹொய்பெர்க்கில் லோஸ் வடிவமைத்த வீடுகள் இன்னும் இருக்கின்றன. குறுகலான, ஒட்டிக்கொண்ட வரிசை வீடுகள். பின்னால் நீண்ட தோட்டம். இந்த வகை வீட்டுக்கு 1921-இல் அவர் காப்புரிமை பெற்றார். பக்கத்து வீட்டோடு பங்கிடும் நடுச்சுவர் மட்டும்தான் செங்கல். மரவிட்டங்கள் ஒரு நடுச்சுவரிலிருந்து அடுத்த நடுச்சுவர்வரை போகும். முன்சுவரும் பின்சுவரும் சுமை தாங்குவதில்லை, லேசான மரச்சட்டமாக விட்டத்தில் தொங்கும். ஆகவே அடித்தளம் தோண்டும் செலவு குறைகிறது, முன்சுவரைக் கொத்து வேலை தெரியாதவர்களே பொருத்திவிடலாம். கட்டியவர்கள் குடியேறப் போகிறவர்களேதான். குடும்பத்துக்கு ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் உடலுழைப்பு. எந்த வீடு யாருக்கு என்பதை எல்லா வீடும் முடிந்த பிறகு சீட்டுப் போட்டு முடிவு செய்தார்கள். எது தன் வீடு என்று தெரியாததால் எல்லாச் சுவரையும் ஒரே அக்கறையோடு எழுப்பினார்கள். இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு மனித மனம் நன்றாகத் தெரிந்திருக்கிறது.

மண்வெட்டி பிடித்த இந்த மக்களுக்கு மாலை வேளைகளில் வகுப்புகள் நடந்தன. லோஸ், லிஹோட்ஸ்கி, கட்டடக் கலைஞர் யோசெஃப் ஃப்ராங்க் போன்றவர்கள் வந்து பேசினார்கள். தோட்டம் எங்கே, சமையலறை எந்தத் திசையில், ஆட்டுக்கொட்டில் வீட்டுக்கு எவ்வளவு தள்ளி என்பதுதான் பாடம். கேட்பவர் மறுநாள் அதையே கட்டப் போகிறவர். புரியாவிட்டால் அந்த இடத்திலேயே எழுந்து கேட்பார். மாணவர்களின் தேர்வுத்தாளில் மட்டும் தன் பாடத்தின் விளைவைப் பார்த்துப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு இப்படி ஒரு வகுப்பு கிடைத்தால் பேச்சே மாறிவிடும். நீளமான சொற்கள் தாமாக உதிர்ந்துவிடும்.

1923-இல் இந்த இயக்கம் மாநகராட்சி மாளிகைக்கு முன்னால் உள்ள சதுக்கத்தில் கண்காட்சி வைத்தது. வரைபடங்களை மாட்டிவைப்பதோடு நிற்காமல், முழு அளவில் வீடுகளையே அந்தச் சதுக்கத்தில் எழுப்பினார்கள். சிறிய கரு வீடு ஒன்று, கையில் காசு வரவர அதை எப்படி நீட்டலாம் என்று காட்டும் பெரிய வடிவங்கள். லிஹோட்ஸ்கியின் கரு வீடும் அதில் இருந்தது. மக்கள் உள்ளே நுழைந்து, கதவைத் திறந்து மூடி, அடுப்பருகே நின்று பார்த்தார்கள். கட்டடப் படத்தைப் படிக்கத் தெரியாதவரும் ஓர் அறைக்குள் நின்றால் அது போதுமா போதாதா என்று சொல்லிவிடுவார். தாளில் வரைந்த படத்தைக் காட்டி மக்கள் கருத்துக் கேட்கும் கூட்டங்களை நான் பல பார்த்திருக்கிறேன். அங்கே வரும் மௌனத்தைச் சம்மதம் என்று குறித்துக்கொள்கிறோம். சுண்ணாம்புத் தூளால் தரையில் அளவு போட்டு, கட்டிலை எங்கே போடுவீர்கள் என்று கேட்டாலே போதும், பேச்சு வந்துவிடும்.

இனி அந்தச் சிவப்பு எழுத்துகளின் கதை. 1919-இல் பெண்களும் வாக்களித்த தேர்தலில் சமூக ஜனநாயகக் கட்சி வியன்னா மாநகராட்சியைப் பிடித்தது. 1922-இல் வியன்னா தனி மாநிலமானது. சொந்தமாக வரி போடும் அதிகாரம் அதனால் வந்தது. நிதிப் பொறுப்பில் இருந்தவர் ஹ்யூகோ ப்ரைட்னர், முன்னாள் வங்கியாளர். ஷாம்பெயின், மோட்டார் கார், பந்தயக் குதிரை, வீட்டு வேலைக்காரர் என்று வசதியின் அடையாளங்கள் எல்லாவற்றுக்கும் வரி போட்டார். 1923-இல் வீடு கட்டுவதற்கான வரி வந்தது. எல்லாக் குடித்தனங்களும் கட்ட வேண்டும், ஆனால் ஏறுவரிசையில். சிறிய வீட்டுக்குச் சொற்பம், மாளிகைக்கு மிகப் பெரிய தொகை. உச்சியில் இருந்த நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவான வீடுகள் மொத்த வசூலில் ஏறக்குறைய பாதியைச் சுமந்தன. அந்தப் பணம் வேறெதற்கும் போகாது, வீட்டுக்கு மட்டும்தான். கடன் வாங்காமல் கட்டியதால் வாடகையில் வட்டிச் சுமை இல்லை. பராமரிப்புச் செலவுக்கு மட்டும் வாடகை, தொழிலாளியின் கூலியில் நூற்றுக்குச் சில பங்குதான். 5 ஆண்டில் 25,000 வீடு என்று 1923-இல் அறிவித்தார்கள், கெடுவுக்கு முன்பே முடித்தார்கள். 1934-க்குள் 60,000-க்கும் மேல் கட்டிவிட்டார்கள்.

வரி என்றால் எந்த ஊரிலும் முகம் சுளிப்பார்கள். வியன்னாவிலும் ப்ரைட்னரைத் தூற்றிய பத்திரிகைகள் ஏராளம். அதற்குப் பதில் சொல்லத்தான் ஒவ்வொரு கட்டடத்தின் மேலும் கணக்கை எழுதிவைத்தார்கள் என்று நினைக்கிறேன். வீட்டுரிமை பற்றிப் பேசும் கட்டடக்கலை ஆசிரியர்கள் பெரும்பாலும் அறையின் அளவு, காற்று, வெளிச்சம், அழகு என்று பேசுவார்கள். காசு பற்றிய பேச்சு வந்தால் அது பொருளியல்காரர்களின் வேலை என்று ஒதுங்கிவிடுவார்கள். மக்கள் முதலில் கேட்பது அதைத்தான். யார் கொடுக்கிறார்கள், யாருக்குக் கிடைக்கிறது, எனக்கு ஏன் கிடைக்கவில்லை. இந்த மூன்றுக்கும் பதில் சொல்லத் தெரியாத ஆசிரியரைத் தெருவுக்கு அனுப்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

இந்தப் பதில்களைச் சொல்லவே ஒரு மனிதர் ஓர் அருங்காட்சியகத்தைக் கட்டினார். ஒட்டோ நொய்ராட், 1882-இல் வியன்னாவில் பிறந்தவர். பொருளியலும் தத்துவமும் கற்றவர். வியன்னா வட்டம் என்ற புகழ்பெற்ற தத்துவக் குழுவில் ஒருவர். அதே ஆள்தான் தோட்டக் குடியேற்றச் சங்கத்தின் பொதுச்செயலாளராகவும் உருளைக்கிழங்கு பயிரிடுபவர்களின் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தார். அவர் 1925-இல் சமூக, பொருளாதார அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். அதன் பெரிய கண்காட்சி மாநகராட்சி மாளிகையின் மக்கள் மண்டபத்தில் இருந்தது. காட்சி அமைப்பு யோசெஃப் ஃப்ராங்க்.

அங்கே வைத்த படங்களின் முறை எளிமையானது. ஓர் உருவம் இத்தனை பேரைக் குறிக்கும் என்று முதலில் முடிவு செய்துகொள்வார்கள். எண்ணிக்கை கூடினால் உருவத்தைப் பெரிதாக்க மாட்டார்கள், அதே அளவில் இன்னும் பல உருவங்களை அடுக்குவார்கள். பெரிதாக்கினால் கண் ஏமாறும், அடுக்கினால் எண்ணிப் பார்க்கலாம். எத்தனை குழந்தைகள் பிறந்தன, எத்தனை இறந்தன, காசநோய் எந்த வட்டாரத்தில் எவ்வளவு, மாநகராட்சி எத்தனை வீடு கட்டியது என்று பள்ளிக்கூடம் போகாதவரும் எண்ணிவிடலாம். உருவங்களை கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற ஓவியர் செதுக்கினார். சவப்பெட்டி, தொட்டில், தொப்பி வைத்த தொழிலாளி எல்லாம் அவர் கையில் பிறந்தவை. இன்று விமான நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் நாம் பார்க்கும் குறியீட்டுப் படங்களுக்கு மூதாதைகள் இவை.

இந்தக் கூட்டத்தில் எனக்கு மிக முக்கியமானவராகப் படுபவர் மரீ ரைடமைஸ்டர். நொய்ராட்டுக்கும் ஓவியருக்கும் நடுவில் இருந்தவர். புள்ளிவிவரக்காரரிடமும் மருத்துவரிடமும் பொருளியல் அறிஞரிடமும் போய் உட்கார்ந்து, அவர்கள் சொல்வதிலிருந்து பொதுமக்களுக்குத் தெரிய வேண்டியது எது என்று பிரித்தெடுப்பது அவர் வேலை. எதை விடுவது, எதை எதன் பக்கத்தில் வைப்பது, பார்ப்பவர் முதல் பார்வையில் எதைக் காண வேண்டும், இரண்டாம் பார்வையில் எதை என்று பென்சிலால் போட்டுத் தருவார். பிறகுதான் ஓவியர் தொடுவார். அறிஞருக்காகவும் வாதாட மாட்டார், ஓவியருக்காகவும் வாதாட மாட்டார்; அந்த மண்டபத்துக்கு வேலை முடிந்து வரப்போகும் தையல்காரிக்காக இருவரிடமும் வாதாடுவார். இப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே நம் கட்டடக்கலைக் கல்லூரிகளில் யாருக்கும் தெரியாது. அதைச் சொல்லித்தர ஆசிரியர் இல்லை, மதிப்பெண் இல்லை, பதவி உயர்வுக் கணக்கில் இடம் இல்லை. பயிற்சி என்று ஒன்று கொடுப்பதானால் இந்த வேலைக்குத்தான் கொடுக்க வேண்டும்.

யு4 பாதையின் கடைசி நிலையம் ஹைலிகன்ஸ்டாட். வெளியே வந்தால் எதிரிலேயே கார்ல் மார்க்ஸ் ஹோஃப். சிவப்பும் மஞ்சளுமான சுவர், கோட்டை வாயில்கள் போன்ற பெரிய வளைவுகள், மேலே கொடிக்கம்பம் தாங்கும் கோபுரங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம். நடந்து முடிப்பதற்குள் டிராம் பல நிறுத்தங்களைக் கடந்துவிடுகிறது. கார்ல் ஏன் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்தார், 1930-இல் திறந்தார்கள், 1,382 வீடுகள். கட்டியது மனையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மிச்சமெல்லாம் முற்றமும் தோட்டமும். வளைவுக்குள் நுழைந்ததும் சாலை இரைச்சல் அடங்கி, மரநிழலும் குழந்தைகளின் சத்தமும் வந்துவிடுகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் தண்ணீர், கழிப்பறை, பலவற்றுக்குப் பால்கனி. பொதுவில் மழலையர் பள்ளி, நூலகம், பல் மருத்துவமனை, குளியலறைகள், சலவைக்கூடங்கள்.

பழைய சலவைக்கூடம் ஒன்றில் இப்போது அந்தக் காலத்தைப் பற்றிய நிரந்தரக் கண்காட்சி இருக்கிறது. வாரத்தில் சில மணி நேரம்தான் திறக்கிறார்கள், பார்த்துப் போக வேண்டும். துணி துவைக்க முன்பெல்லாம் பெண்களுக்கு ஒரு முழுநாள் போகும். இயந்திரங்கள் வந்து அதைச் சில மணி நேரமாக்கின. ஆண்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. பெண்களின் வசதிக்காக என்று சொன்னாலும், துவைப்பது பெண்களின் பாடு என்ற முடிவும் அதில் சேர்ந்தே இருக்கிறது. சமத்துவம் பேசிய நகரம் இந்த இடத்தில் பாதி வழியில் நின்றுவிட்டது. அதைக் கண்காட்சி மறைக்கவில்லை என்பது எனக்குப் பிடித்திருந்தது.

இதே கட்டடத்தில் எர்ன்ஸ்ட் லிஃக்ட்பிளாவ் என்ற கட்டடக் கலைஞர் வீட்டு உள்ளமைப்பு ஆலோசனை நிலையம் ஒன்றை நடத்தினார். சிறிய வீட்டில் எந்த மேசை கொள்ளும், பாட்டி காலத்துப் பெரிய அலமாரியை என்ன செய்வது என்று கேட்டுக் குடியிருப்போர் வருவார்கள். சாவியைக் கொடுத்ததும் தங்கள் வேலை முடிந்தது என்று அன்றைய கட்டடக் கலைஞர்கள் நினைக்கவில்லை.

கட்சியும் அறிஞர்களும் எல்லாவற்றிலும் ஒத்துப்போனார்கள் என்று எண்ண வேண்டாம். யோசெஃப் ஃப்ராங்க் இந்தப் பெருங்கட்டடங்களை வெளிப்படையாகக் கண்டித்து எழுதினார். மக்களுக்கு வீடு வேண்டும், அரண்மனை முகப்பு எதற்கு என்பது அவர் வாதம். தோட்டத்தோடு சேர்ந்த சிறு வீடே அவர் கனவு. மாநகராட்சியின் வேலைகளை ஏற்றுக் கட்டிக்கொண்டே இதைச் சொன்னார். அவர் பொறுப்பில் 1932-இல் லைன்ட்ஸ் பகுதியில் கண்காட்சியாகக் கட்டிய மாதிரிக் குடியிருப்பில் மக்கள் நுழைந்து பார்த்து, இரு தரப்பு வாதத்தையும் தாங்களே எடைபோட்டார்கள். கார்ல் மார்க்ஸ் ஹோஃபின் முற்றத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஃப்ராங்க் சொன்னது முழுதும் சரியென்று படவில்லை. ஆயிரக்கணக்கான ஏழைக் குடும்பங்கள் நகரத்தில் கம்பீரமாக நிற்பதற்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. ஆனால் அவர் தன் ஆட்களோடு ஊரறியச் சண்டையிட்டது மிக நல்ல காரியம். நிபுணர்கள் மூடிய அறைக்குள் ஒத்துப்போய்விட்டு ஒரே குரலில் வெளியே வந்து பேசினால், மக்கள் கேட்பதற்கு அதில் எதுவும் மிஞ்சுவதில்லை.

1934 பிப்ரவரியில் உள்நாட்டுப் போர். ராணுவம் கார்ல் மார்க்ஸ் ஹோஃப் மீது பீரங்கியால் சுட்டது. கட்சி தடைசெய்யப்பட்டது. அப்போது மாஸ்கோவில் வேலையாக இருந்த நொய்ராட்டுக்கு, ஊருக்குத் திரும்ப வேண்டாம் என்பதை முன்பே பேசிவைத்த மறைமொழியில் தந்தி போனது. அவரும் மரீயும் ஹேக் நகரத்துக்குப் போனார்கள். பின்னர் இங்கிலாந்து. 1945-இல் பில்ஸ்டன் என்ற ஊரின் சேரிகளைச் சீரமைக்கும் வேலைக்கு ஆலோசகராக அழைக்கப்பட்டு, மக்களின் மகிழ்ச்சியிலிருந்து திட்டத்தைத் தொடங்க வேண்டும் என்று அந்த ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது காலமானார். ஃப்ராங்க் சுவீடனுக்குப் போய்விட்டார். 1938-இல் நாஜிகள் வந்ததும் மாநகராட்சி வீடுகளிலிருந்து சுமார் 2,000 யூதக் குடும்பங்களை வெளியேற்றினார்கள். வீட்டை எல்லோருக்குமாகக் கட்டிய அதே மாநகராட்சியிடமிருந்தே காலி செய்யும் உத்தரவுகள் போயின. இதைப் படித்த பிறகு அந்தச் சலவைக்கூடத்தில் வெகுநேரம் என்னால் எதுவும் குறிப்பெடுக்க முடியவில்லை.

போருக்குப் பிந்தைய வியன்னாவில் நான் தேடிப்போன இடம் ஒன்று, பயண நூல்களில் அவ்வளவாக இல்லாதது. நான்காவது வட்டாரத்தில் மார்கரெட்டன் தெருவுக்குப் பின்னால், வீடுகள் சூழ்ந்த ஒரு பூங்கா. 1970-களின் தொடக்கத்தில் அது சுவர்களால் துண்டு துண்டாகப் பிரிந்த பின்முற்றங்களாகக் கிடந்தது. பழைய வீடுகளை இடித்துத் தள்ளுவதே நகர வளர்ச்சி என்று எங்கும் பேசிய காலம் அது. ஹெல்முட் ஃபோய்டல், எலிசபெத் குக்கன்பெர்கர் என்ற இரு படக்காரர்கள் ஆஸ்திரியத் தொலைக்காட்சியின் கேமராவோடு வந்து அங்கேயே தங்கிவிட்டார்கள். கட்டடக் கலைஞர்களும் சேர்ந்தார்கள். குடியிருப்போர் சொன்னதைப் படமெடுத்து ஒளிபரப்பினார்கள், அதைப் பார்த்தவர்கள் கூட்டத்துக்கு வந்தார்கள், கூட்டத்தையும் படமெடுத்தார்கள். அண்டை வீட்டுக்காரரின் குறையைத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் பலர் தெரிந்துகொண்டார்கள். கடைசியில் முற்றங்களை ஒன்றாக்கிப் பூங்காவாக்கினார்கள். குடியிருப்போர் சங்கம் அதைப் பார்த்துக்கொள்கிறது. நான் போனபோது ஒரு மூதாட்டி காய்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். வழிகாட்டிப் பலகையைப் படித்துக்கொண்டிருந்த என்னிடம், தான் அப்போது இளம்பெண் என்றும், கூட்டத்தில் முதன்முறை எழுந்து பேசியபோது முழங்கால் நடுங்கியது என்றும் ஆங்கிலத்தில் சொன்னார். கட்டடக் கலைஞர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்டேன். நிறையக் கேட்டுக்கொண்டார்கள் என்றார்.

அதே காலத்தில், 1974-இல், ஒட்டாக்ரிங்கில் மாநகராட்சி முதல் வட்டாரப் பராமரிப்பு அலுவலகத்தைத் திறந்தது. இன்று நகரின் பல பகுதிகளில் அவை உண்டு. மளிகைக்கடை மாதிரி தெருவைப் பார்த்த கண்ணாடிக் கதவு. உள்ளே கட்டடக் கலைஞரும் வாடகைச் சட்டம் தெரிந்தவரும் உட்கார்ந்திருப்பார்கள். யாரும் போகலாம், கட்டணம் கிடையாது. நான் போனபோது ஒரு பெண் தன் வாடகை ஒப்பந்தத்தை நீட்டினார். அங்கிருந்த இளம் கட்டடக் கலைஞர் அதை வாங்கித் தானே படித்துக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணையே வரிவரியாகப் படிக்கச் சொல்லி, தடுக்கிய இடத்தில் மட்டும் விளக்கினார். பிறகு வீட்டின் அளவைக் கேட்டு ஒரு தாளில் வரைந்து, எந்தப் பகுதிக்கு எவ்வளவு வாடகை போகிறது என்று காட்டினார். மரீ ரைடமைஸ்டரின் வேலை இந்தத் தெருவில் இன்னும் நடந்துகொண்டிருந்தது.

வியன்னாவைச் சொர்க்கமாகச் சொல்ல நான் வரவில்லை. மாநகராட்சிக்குச் சொந்தமாக இன்று சுமார் 2,20,000 வீடுகள் இருக்கின்றன. லாப வரம்புள்ள சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால், நகரத்தவரில் ஏறக்குறையப் பாதிப்பேர் இவற்றில்தான் வாழ்கிறார்கள். ஆனால் உள்ளே நுழைவதற்கு விதிகள் உண்டு. பதிவுபெற்ற முகவரியில் இரண்டு ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களில் அகதி நிலை பெற்றவர்கள் தவிர மற்றவர்களுக்கு, ஐந்தாண்டுக்குப் பின் கிடைக்கும் நீண்டகால வசிப்புரிமையும் வேண்டும். ஆகவே புதிதாக வந்தவர், அதாவது மிக அதிகமாகத் தேவைப்படுபவர், தனியார் வீட்டில் குறுகிய கால ஒப்பந்தத்தில் அதிக வாடகைக்கு இருக்கிறார். ஒப்பந்தம் முடிந்தால் வேறு முகவரி. நூறு ஆண்டுக்கு முன் கட்டிலை வாடகைக்கு எடுத்தவர்களில் பலர் செக் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். இன்று வேறு நாட்டுக்காரர்கள்.

அவர்களில் ஒருவரை ஃபாவோரிட்டன் வட்டாரத்து ரொய்மன் சதுக்கத்தில் சந்தித்தேன். பஞ்சாபிலிருந்து வந்த இளைஞர், உணவு கொண்டு கொடுக்கும் வேலை, மிதிவண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு அடுத்த அழைப்புக்குக் காத்திருந்தார். நான் நம் ஊர் முகம் என்று தெரிந்ததும் அவரே வந்து பேசினார். என் அரைகுறை இந்தியும் அவர் ஆங்கிலமுமாகப் பேச்சு ஓடியது. ஓர் அறையில் நான்கு பேர் தங்கியிருக்கிறார்களாம். கார்ல் மார்க்ஸ் ஹோஃபுக்குப் பலமுறை சாப்பாடு கொண்டுபோயிருக்கிறார். பணக்காரர்கள் இடம் என்றே நினைத்திருந்தாராம். மாநகராட்சி வீடு, வாடகை குறைவு என்று நான் சொன்னதும், நமக்கெல்லாம் எங்கே அண்ணா கிடைக்கப் போகிறது என்ற பொருளில் சிரித்தார்.

குறிப்பேட்டைத் திறந்து பத்து மனித உருவம் வரைந்தேன். இதுதான் வியன்னா என்றேன். ஐந்து பேரைச் சுற்றிக் கோடு போட்டு, இவர்கள் மாநகராட்சி வீட்டிலும் சங்கத்து வீட்டிலும் இருக்கிறார்கள் என்றேன். கோட்டின் மேல் ஒரு கதவு போட்டு, இரண்டு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று எழுதினேன். நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டேன். பேனாவை வாங்கி, கதவுக்கு வெளியே நான்கு உருவம் போட்டார். பிறகு யோசித்து, அதில் ஒன்றைக் கதவுக்கு மிக அருகில் தள்ளி வரைந்தார். அறைத்தோழர் ஒருவருக்கு ஐந்தாண்டு முடியப் போகிறதாம். விண்ணப்பத்தை எங்கே கொடுப்பது என்று கேட்டார். காசோமீட்டர் என்ற இடத்தின் பக்கத்தில் மாநகராட்சியின் வீட்டு ஆலோசனை மையம் இருப்பதைப் படத்துக்குக் கீழே எழுதிக் கொடுத்தேன், இறங்க வேண்டிய நிலையத்தையும் சேர்த்து. தாளைக் கைபேசியில் படம் எடுத்து அறைத்தோழர்களின் குழுவுக்கு அனுப்பினார். பதில் வருவதற்குள் அவருக்கு அடுத்த சாப்பாட்டு அழைப்பு வந்துவிட்டது.